என் பேரைச் சொல்லி ஒரு பொய்

உள்ள வாங்க சாமி. செருப்பை அங்கிட்டு விட்டுட்டு வாங்க. அந்த பேட்டரி மேல உக்காந்துறாதீங்க, ஆசிட் பட்டா வேட்டி பொத்துப் போகும். இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. காலையில இருந்து மாலை போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போச்சு. கார்த்திகை ஒண்ணாந்தேதின்னா நமக்கு இந்தக் கதிதான். விருதுநகர்ல பாதிப் பேருக்கு நம்ம கையாலதான் மாலை ஏறும். பெருமைக்குச் சொல்லல, யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

நீங்க வரிசையில கடைசியா நின்னீங்க. உங்க முறை வந்ததும் மாலையைக் கையில வச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் கடைக்கு வரச் சொன்னேன். கோயில்ல நாலு பேர் முன்னால பேசுற விஷயமில்ல அது. வீட்டம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி, ரத்தப்போக்கு நிக்கல, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. அது நல்லபடியா முடியணும்னு மாலை போட வந்திருக்கீங்க. சந்தோஷம். ஆனா மாலை போட்டுக்கிட்டு அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா, பக்கத்துல இருக்கலாமா, கையைப் பிடிச்சுத் தூக்கி உக்கார வைக்கலாமா? நோவுல வர்ற ரத்தத்துக்குத் தீட்டு உண்டா இல்லையா? இதானே கேட்டீங்க?

சொல்றேன், சொல்றேன். அவசரப்படாதீங்க. அதுக்கு முன்னால என் கதையைக் கேளுங்க. எனக்கும் இப்படி ஒரு கார்த்திகை வந்துச்சு. போன வருஷம் இல்ல, அதுக்கு முந்துன வருஷம். அதுல என் மக ஒரு பொய் சொன்னா. ஒரே ஒரு பொய்தான் சாமி. அந்தப் பொய்யில என் விரதமும் போச்சு, என் சம்சாரமும் போயிட்டா. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

சம்சாரம் பேரு தமயந்தி. மாலை போட்டிருக்கப்ப பொம்பளைங்களை மாளிகைப்புரம்னுதான் சொல்லணும். செத்துப் போனவளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல, பேரையே சொல்லிக்கிறேன். சரணம் அய்யப்பா.

தமயந்திக்கு அப்பவே மாசத் தீட்டு நின்னு சில வருஷமாயிருந்துச்சு. நின்னப்ப அவளுக்கு அம்புட்டு சந்தோஷம். இனிமே கார்த்திகை, மார்கழியில பின்கட்டுல போய் ஒதுங்க வேண்டியதில்ல, பூஜை ரூம்ல நானே விளக்கேத்துவேன்னா. ஏத்துனா. குருசாமி வீடுன்னா சும்மாவா? வாசல்ல கோலம், உள்ள விளக்கு, வர்ற சாமிமாருக்கெல்லாம் இட்லி, சட்னி. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. நான் சாமி சாமின்னு அலைஞ்சேன்னா, வீட்டைப் பூராம் அவதான் தாங்குனா. அதை நான் எங்கயும் மறைக்கல.

அப்புறம் ஒரு வருஷம் திரும்ப ரத்தம் பட ஆரம்பிச்சிருக்கு. யாருகிட்டயும் மூச்சு விடல. அந்த வருஷம் நம்ம வீட்ல பதினெட்டுப் படி வச்சு விளக்கேத்துற படி பூஜை. ஊரே வந்து சாப்பிட்டுச்சு. சொன்னா அவ ஒதுங்கணும், பூஜையை யாரு பாக்குறது, அவரு மனசு கஷ்டப்படுவாரேன்னு வாயைப் பொத்திக்கிட்டா. துணியைக் கசக்கி மொட்டை மாடியில பழைய சேலைக்கு அடியில காயப்போட்டு எடுத்திருக்கா. ஒரு வாரம் பத்து நாள் இல்ல சாமி, மாசக்கணக்கா. கடைசியில டாக்டரம்மா டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, ஏம்மா இம்புட்டு நாள் சொல்லலன்னு வஞ்சாங்க. அதுக்கும் கீழ குனிஞ்சு உக்காந்திருந்தா. அந்த பக்தியைப் பாருங்க. இந்தக் காலத்துல எந்தப் பொம்பளைக்கு வரும்?

கேன்சருன்னாங்க. கர்ப்பப்பை வாயில. பரவிருச்சுன்னாங்க. மதுரைக்குக் கொண்டு போனோம். பேர் எதுக்கு, நல்ல ஆஸ்பத்திரிதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. கட்டி கருகக் கரண்டு வச்சாங்க, ஊசி போட்டாங்க. மக அனுசுயாவை மதுரையிலதான் கட்டிக் குடுத்திருக்கு, பள்ளிக்கூடத்துல டீச்சர். அவ லீவு போட்டுட்டு அம்மாகூடவே இருந்துக்கிட்டா. ஐப்பசி கடைசியில பெரிய டாக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டு, இனிமே வைத்தியத்தால ஆகுறது ஒண்ணுமில்ல, வலி தெரியாமப் பாத்துக்கலாம், அதுக்குன்னு ஒரு வார்டு இருக்கு, அங்க மாத்துறோம்னாரு.

நான் அழுதேன் சாமி. ஆம்பளை அழுதேன். அந்த வராண்டாவுல நின்னு விக்கி விக்கி அழுதேன். அழுதுட்டு நிமிர்ந்து பாத்தா, வரப்போறது கார்த்திகை. எனக்கு அது பதினெட்டாவது வருஷம். பதினெட்டுன்னா என்னன்னு தெரியும்ல? தென்னங்கன்னு கொண்டு போயி சன்னிதானத்துல வைக்கிற வருஷம். ஒவ்வொரு வருஷமும் மலை ஏறுறவன் காத்துக்கிட்டுக் கெடக்குறது அந்த ஒரு வருஷத்துக்குத்தான். அப்பப் பாத்து இந்தச் சோதனை. சும்மா வருமா? அய்யப்பன் என்னயப் பாக்குறான்னு புரிஞ்சு போச்சு. டாக்டரு கைவிட்ட இடத்துல நான் பிடிக்கணும். ஒரு சொட்டுக் குறை இல்லாம விரதத்தை முடிச்சுக் கன்னைக் கொண்டு போயி வச்சுட்டா, தமயந்தி எந்திரிச்சு உக்காருவா. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நம்பிக்கைன்னா அப்படித்தான் இருக்கணும்.

மாலை போட்டேன். வீட்டுப் பக்கமே போகல. இதே கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு, அங்க பாயை விரிச்சேன், நானே பொங்கித் தின்னேன். ரெண்டு நாளைக்கு ஒருக்க மதுரைக்கு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவேன். வெறுங்காலோட. ஆஸ்பத்திரித் தரையில வெறுங்காலோட நடந்து பாருங்க சாமி, அப்பத் தெரியும். வார்டு வாசல்ல நிப்பேன். உள்ள போகமாட்டேன். அவளுக்குத் தெரியும்ல, கேக்கமாட்டா. கட்டில்ல இருந்து என்னயப் பாப்பா. நான் அவளைப் பாப்பேன். திருநீறைப் பொட்டலமா மடிச்சு அனுசுயாகிட்ட குடுப்பேன், அவ கொண்டு போயிப் பூசி விடுவா. திரும்பி வந்ததும் தலைக்கு ஊத்திக்குவேன். அந்தக் குளிர்ல, ராத்திரியா இருந்தாலும் ஊத்திக்குவேன். யாருக்காக? அவளுக்காகத்தானே?

டீ சொல்லட்டுமா? நான் வெளித் தண்ணியே தொடுறதில்ல, நீங்க இன்னும் மாலை போடல, குடிக்கலாம். வேணாமா? சரி.

அந்த வார்டுல ஒரு பொண்ணு இருந்துச்சு. ஜெஸிந்தான்னு பேரு. நோயாளிங்களுக்கு ஆறுதல் சொல்ற கவுன்சிலராம். ஊசி போடுறது கிடையாது, மாத்திரை குடுக்குறது கிடையாது. ஒவ்வொரு கட்டிலாப் போயி உக்காந்து பேசிக்கிட்டிருக்கும். அதுக்கு ஒரு சம்பளம். வேதக்காரப் பொண்ணு, பேரைக் கேட்டாலே தெரியுது. எனக்கு அப்பவே லேசா உறுத்துச்சு. சாகக் கெடக்குறவங்ககிட்ட நைசாப் பேசி ஜெபம் பண்ணி விட்டுருவாங்களேன்னு அனுசுயாகிட்ட சொல்லி வச்சேன். அனுசுயா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. “அவங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கப்பா, அம்புட்டுத்தான்”னா.

ஒரு நாள் அந்தப் பொண்ணு என்னய ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சுச்சு. “ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு எது தெம்பு குடுக்கும்னு நெனக்கிறீங்க?”ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், அய்யப்பன், எங்க குலசாமி, அப்புறம் இருக்கன்குடி மாரி. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, “அவங்ககிட்டயும் கேட்டேன்யா. ‘எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்தா பயம் போயிரும்’னாங்க”ன்னுச்சு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் பக்கத்துல உக்காந்தா நோவு போயிருமா? நான் என்ன டாக்டரா?

அது விடல. “வலிக்கு மருந்து குடுக்குறோம், வலி கட்டுப்பட்டுருச்சு. ஆனாலும் அவங்க தூங்கல. போர்வையை இழுத்து இழுத்து இடுப்பைச் சுத்திக்கிறாங்க. படுக்கையைத் தடவித் தடவிப் பாக்குறாங்க. தீட்டோட விளக்கேத்திட்டேன், அதான் சாமி இப்படிப் பண்ணிருச்சுங்கிறாங்க. தீட்டோடயே செத்துப் போனா சாமி என்னய ஏத்துக்குமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொன்னாலும் கேக்கல. நீங்க குருசாமி. இது நோவும்மா, தீட்டு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. அது போதும்யா.”

தீட்டோட விளக்கேத்துன விஷயம் அப்பத்தான் எனக்கே தெரியும் சாமி. திக்குன்னு ஆயிருச்சு. படி பூஜை விளக்கு. அந்த விளக்குக்கு முன்னாலதானே ஊரே விழுந்து கும்பிட்டுச்சு? ஆனா நான் அவளை ஒரு வார்த்தை கோவமாப் பேசல. வார்டு வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னேன், “மாளிகைப்புரம், நடந்தது நடந்து போச்சு, கவலைப்படாத. மலைக்குப் போயி உன் பேர்ல பரிகாரம் பண்ணிட்டு வந்துர்றேன்”னு. அவ முகம் அப்படியே சின்னதாப் போச்சு. பாரம் எறங்கிருச்சுன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு மட்டும் என்னய ஒரு மாதிரி பாத்துச்சு.

அந்தப் பொண்ணுகிட்ட தெளிவாச் சொல்லிட்டேன். தாயி, எங்க சாஸ்திரத்தை நீ மாத்தாத, நானும் மாத்த முடியாது. தீட்டுன்னா தீட்டுதான். நோவுல வந்தா என்ன, எதுல வந்தா என்ன, ரத்தம் ரத்தம்தானே?

நியாயமாச் சொன்னா, நான் சும்மா இருக்கல. நம்ம அய்யப்பன் கோயில் குருக்கள்கிட்ட போயிக் கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? “நோவுக்கு ஏது ஓய் தீட்டு? மாலையைக் கழட்டி வச்சுட்டுப் போயி அந்தம்மா பக்கத்துல உக்காரும். மலை எங்கயும் போயிராது.” இப்படிச் சொல்றாரு, ஒரு குருக்கள்! இவரு மத்தியானம் பரோட்டாக் கடை ஓரமா நின்னு காப்பி குடிக்கிற ஆளு. அவரு வாயில சாஸ்திரம் எப்படி வரும்? பதினெட்டாவது வருஷத்துல மாலையைக் கழட்டச் சொல்றாரு. கேட்டதே தப்புன்னு திரும்பி வந்துட்டேன்.

கெளம்புறதுக்கு மொத நாள் சொல்லிக்கிட்டு வரலாம்னு போனேன். அன்னைக்கு அவ நல்ல தெளிவா இருந்தா. தலை வாரி, பொட்டு வச்சு விட்டிருந்தா அனுசுயா. என்னயப் பாத்ததும், “நீ கொஞ்சம் வெளிய இரு”ன்னு மகளை அனுப்பிட்டா. என்னமோ சொல்லப் போறான்னு நானும் மனசு கேக்காம உள்ள போயி, கால்மாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்னேன். கையை நீட்டுனா சாமி. ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் போன கை. “ஒரு நிமிஷம் பிடிங்க”ன்னா.

நான் என்ன செய்ய முடியும்? மறுநாள் இருமுடி. இத்தனை நாள் காப்பாத்துன விரதம். அவளுக்காகக் காப்பாத்துன விரதம். “மாளிகைப்புரம், இன்னும் கொஞ்ச நாள்தான், நெய்த் தேங்காய் உன் பேர்ல”ன்னேன். அவ கையை மடக்கல. அப்படியே நீட்டிக்கிட்டு இருக்கா. “ஒரு தடவை பேரையாவது சொல்லுங்களேன்”னா. பொட்டலத்துல இருந்து திருநீறை எடுத்து, அந்த உள்ளங்கையில மேல இருந்து போட்டேன். பாத்துத்தான் போட்டேன், விரல் படல. அவ அதையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், “நான் போயிட்டா என்னயத் தீட்டுக்காரியாத்தான் தூக்குவாங்களா?”ன்னு கேட்டா. அபசகுனமாப் பேசாதன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். அவ நல்லதுக்குத்தானே அதட்டுனேன்?

வெளிய வந்து அனுசுயாகிட்ட கண்டிப்பாச் சொன்னேன். நான் மலை எறங்குற வரைக்கும் எனக்கு ஒரு சேதியும் வரக்கூடாது. “எந்தச் சேதியுமா?”ன்னா. எந்தச் சேதியும்னேன். போனை அணைச்சு மேசை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன். ஏன்னு கேளுங்க. சாவுத் தீட்டு, சேதி காதுல விழுந்தாத்தான் ஒட்டும். விழாத வரைக்கும் ஒட்டாது. அதுக்கு சாஸ்திரத்துல இடம் இருக்கு. இதையும் அதே குருக்கள்தான் ஒரு தடவை சொன்னாரு. அதை மட்டும் சரியாத்தான் சொல்லியிருந்தாரு.

கெளம்புற அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். நம்ம தெருவுல ஃப்ளெக்ஸ் வச்சிருந்தாங்க பசங்க. பதினெட்டாம் ஆண்டு குருசாமி, பேட்டரிக்கடை சௌந்தரபாண்டின்னு, என் படம் அய்யப்பன் படம் உசரத்துக்கு. வேணாம்டா வேணாம்டான்னேன், கேக்கல. கன்னைத் தோள்ல வச்சுக்கிட்டு நான் நடந்தப்ப பொம்பளைங்க கொடத்துல தண்ணி கொண்டாந்து காலைக் கழுவி விட்டாங்க. தமயந்தி இருந்தா அவதான் மொத ஆளா ஊத்தியிருப்பா.

எருமேலியில பேட்டை துள்ளி, காட்டுக்குள்ள பெருவழியில நடந்தோம். அழுதை ஆத்துல முங்கிக் கல்லெடுத்தப்ப அவளைத்தான் நெனச்சேன். கரிமலை ஏத்தத்துல மூச்சு வாங்குறப்ப, இந்த மூச்சு பூராம் அவளுக்குப் போய்ச் சேரட்டும்னு சொல்லிச் சொல்லி ஏறுனேன். படியில காலை வச்சேன் பாருங்க, உடம்புல ஒரு கனமும் இல்ல. கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. கன்னை வச்சுட்டு நிமிர்ந்தேன். தமயந்தி பொழைச்சுக்கிட்டான்னு எனக்குள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சு சாமி. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது வெளங்கல.

திரும்புறப்ப வேனைக் கம்பம் வழியா மதுரைக்கு விடச் சொன்னேன். மாலையோட, இருமுடியோட அவ முன்னால போயி நிக்கணும்னு ஆசை. வார்டுக்குப் போனேன். அவ கட்டில்ல வேற ஒரு அம்மா படுத்திருக்கு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பொழைச்சுக்கிட்டா, அதான் வேற வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு தோணுச்சு. கூட வந்த சாமிமார்கிட்ட திரும்பி, “பாத்தீங்களா?”ன்னேன். வேன்ல வர்றப்பவே அவங்களுக்குப் போன் வந்திருக்கு. என்கிட்ட சொல்லல.

அந்த ஜெஸிந்தாப் பொண்ணுதான் வந்து, உக்காருங்கய்யான்னுச்சு. சொல்லுச்சு. நாங்க பெருவழியில நடந்துக்கிட்டிருந்த அன்னைக்கே போயிட்டாளாம். அனுசுயா ஒரு நாள் முழுக்க பிணவறை வாசல்ல உக்காந்திருந்தாளாம். சொந்தக்காரங்க எல்லாம் குருசாமிக்குச் சொல்லுன்னு கத்தியிருக்காங்க. சொல்லக்கூடாதுன்னு அப்பா உத்தரவுன்னு சொல்லிட்டாளாம். அப்புறம் அவளே மின்மயானத்துக்குக் கொண்டு போயி, அவளே எல்லாம் செஞ்சு, சாம்பலையும் கரைச்சுட்டா.

சேதி காதுல விழுந்துருச்சு. இனிமே மாலை கழுத்துல இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு குழாய், டிரைவருங்க கால் கழுவுற எடம். அங்க உக்காந்து தலையில ஊத்திக்கிட்டு நானே கழட்டுனேன். பதினெட்டு மலை பாத்த மாலை சாமி. கழட்டிட்டு ஈர வேட்டியோட திரும்ப வார்டுக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு தெரியல. அந்தக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தலகாணியைத் தொட்டுப் பாத்தேன். அந்தப் புது அம்மா பயந்து போயி நர்ஸைக் கூப்பிட்டுருச்சு.

இதுவரைக்கும் விதின்னு விட்டுறலாம். அவ ஆயுசு அம்புட்டுத்தான்னு மனசைத் தேத்திக்கலாம். இனிமேதான் விஷயமே.

கருமாதி அன்னைக்கு, சாப்பாடெல்லாம் முடிஞ்சு கொஞ்சம் பேர் உக்காந்திருக்கோம். அனுசுயாகிட்ட கேட்டேன், அம்மா கடைசியா என்ன சொன்னான்னு. மகதானே, கேக்கக்கூடாதா? அவ சொன்னா. கடைசி நாள் பூராம் அதே கேள்விதானாம். தீட்டோட போறேனே, தீட்டோட போறேனே. இவ சொல்லிப் பாத்திருக்கா, நர்ஸு சொல்லிப் பாத்திருக்கு. அந்த ஜெஸிந்தா, உங்க அய்யப்பன் உங்களைத் தள்ளமாட்டாரும்மான்னு சொல்லியிருக்கு. ஜெபமெல்லாம் பண்ணல, அதையும் சொல்லிறணும். அதுக்கு தமயந்தி, “நீங்க சொன்னா எப்படிம்மா, அவருல்ல சொல்லணும்”னாளாம். மூச்சு இழுக்குறப்பவும் போர்வையை இழுத்து இழுத்துச் சுத்துறாளாம். அதைப் பாக்கச் சகிக்காம அனுசுயா வெளிய போயி, கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்து, அம்மா காதுகிட்ட குனிஞ்சு சொல்லியிருக்கா.

“அம்மா, அப்பா எருமேலியில இருந்து போன் பண்ணாரு. அது தீட்டு இல்லையாம். வெறும் நோவுதானாம். உன் பேரைச் சொல்லி, தமயந்திகிட்ட சொல்லுன்னாரு.”

போர்வையை விட்டுட்டாளாம். அதுக்கப்புறம் இழுக்கவே இல்லையாம். சாயங்காலம் தூங்குற மாதிரி போயிட்டாளாம்.

கேட்டதும் எனக்கு உச்சி மண்டை கொதிச்சுப் போச்சு சாமி. நான் அழுதை ஆத்துல முங்கிக்கிட்டிருக்கேன், இங்க என் வாயில வராத வார்த்தையை என் பேரைச் சொல்லி ஒருத்தி சொல்லிக்கிட்டிருக்கா. விரதத்துல பொய் ஆகாது. குருசாமி பேர்ல, அதுவும் தீட்டு விஷயத்துல, அதுவும் சாகப் போறவ காதுல! எங்கிட்டுக் கூடி வரும்? சாயங்காலமே போயிட்டாள்ல? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. காலையில வரைக்கும் இருந்தவ, அந்தப் பொய்க்கப்புறம்தானே போனா? நான் எந்திரிச்சுக் கத்துனேன். யாரைக் கேட்டுடி என் பேரைச் சொன்ன, யாரைக் கேட்டுச் சொன்னன்னு கத்துனேன். கையை ஓங்கிட்டேன். மாப்பிள்ளை வந்து பிடிச்சுக்கிட்டாரு.

அவ அழல. அதான் எனக்கு இன்னைக்கும் ஆத்திரம். பூமாலை போட்டு வச்சிருந்த தமயந்தி படத்துக்கிட்ட என்னயக் கூப்பிட்டா. “சரிப்பா, பொய்தான். இப்ப நீங்க சொல்லுங்க. இங்க நின்னு, அம்மா முகத்தைப் பாத்து, அது தீட்டு இல்லன்னு ஒரு தடவை சொல்லிருங்க. அப்ப நான் சொன்னது பொய் இல்லன்னு ஆயிரும்”னா.

எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. குருக்களும் நின்னுக்கிட்டிருந்தாரு. சொல்லுமேன் ஓய்ங்கிறாரு.

எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்க சாமி, எப்படிச் சொல்றது? இப்பச் சொன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல? அப்ப நான் கடைக்கு மேல பாய் விரிச்சது எதுக்கு, வாசல்ல நின்னது எதுக்கு, மேல இருந்து திருநீறு போட்டது எதுக்கு? எல்லாம் கிறுக்குத்தனம்னு ஆயிராதா? என் வாய் தெறக்கல. நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன். அவ பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு வருஷமாகப் போகுது, பேச்சு வார்த்தை கெடையாது. மாப்பிள்ளை மட்டும் எப்பவாச்சும் போன் பண்ணுவாரு. அவருகிட்டச் சொல்லி விட்டிருக்கா, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாப் பேசுறேன்னு. பேசாட்டிப் போகட்டும். எனக்கென்ன, கடை இருக்கு, அய்யப்பன் இருக்கான்.

அதான் சொல்றேன் சாமி. விரதம்னா ஒழுங்கா இருக்கணும், வீட்ல இருக்குறவங்களும் ஒழுங்கா இருக்கணும். மாலை தயாரா இருக்கு, குளிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க? கழுத்தைக் குனிங்க.

என்ன சாமி?

ஏன் எந்திரிச்சுட்டீங்க? மாலை வேணாமா? அட, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஆபரேஷன் இன்னைக்கா? அடுத்த வாரம்தானே? வீட்டுக்குப் போறீங்களா? அந்தம்மா தனியா இருக்காங்களா? சரி, சரி, போங்க. உங்க இஷ்டம். நான் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல.

இருங்க, ஒரு நிமிஷம். ஒண்ணே ஒண்ணு. போறீங்க, போயி அந்தம்மா பக்கத்துல உக்காரப் போறீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. கையைப் பிடிப்பீங்க, பிடிங்க. ஆனா அவங்க ஏதாச்சும் கேட்டாங்கன்னா, பேட்டரிக்கடை குருசாமியே சொல்லிட்டாரு, நோவுக்குத் தீட்டு இல்லன்னுட்டாருன்னு என் பேரைச் சொல்லிராதீங்க. நான் சொல்லல சாமி. தமயந்திகிட்டயே நான் சொல்லல.